மேனேஜருக்கு நான் கொடுத்த முகவரி

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு துடைப்பது எனக்குப் பிடித்த வேலை. அம்மா வேண்டாம் என்பாள். ஆயுசெல்லாம் அடுத்தவர் வீட்டைத் துடைத்தவள். டாக்டருக்குப் படித்த மகள் மண்டி போட்டுத் தரை துடைப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்காது. எனக்கு அப்படி இல்லை. உள்ளறை மூலையில் வாளியை வைத்துத் தொடங்கி, பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து வாசல் கதவுக்கு வந்து நிமிர்ந்தால் மொத்த வீடும் பளிச்சென்று கிடக்கும். வாடகை வீடுதான். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட முடியாது. ஆனாலும் கதவில் ஓர் எண் இருக்கிறது. அதைச் சொன்னால் தபால்காரர் நேராக எங்களிடம் வருவார். நடுவில் யாரும் இல்லை.

விசாரணைக்கு வந்த இடத்தில் இந்தப் பெண் ஏன் வீட்டு வேலையைப் பற்றிப் பேசுகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம், மேடம். போன தடவை நீங்கள் கேட்டதெல்லாம் கணினியைப் பற்றி. யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள், ஆஸ்பத்திரிக்கு எந்தத் தகவல் எப்படிப் போனது, இதெல்லாம். நான் சொன்ன பதில்களில் பொய் கிடையாது. நீங்கள் கேட்காமல் விட்டதை இப்போது நானாகச் சொல்கிறேன். தண்ணீர் வேண்டாம்.

எங்களுடையது குடும்ப மருத்துவர்கள் இருக்கும் சின்ன கிளினிக். பெரிய டாக்டர், நான், ஒரு நர்ஸ், முன்மேசையில் ஓர் அக்கா. சளி, காய்ச்சல், சர்க்கரை, முழங்கால் வலி. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் எங்கள் வழியாகத்தான் போக முடியும். ஒருவரைப் பற்றி நாங்கள் என்ன பதிகிறோமோ, அதுதான் ஆஸ்பத்திரிக்குத் தெரிந்த மனிதர். நாங்கள் பதியாத மனிதரை அவர்களுக்குத் தெரியாது.

வீடு இல்லாதவர்கள் எங்களிடம் நிறைய வருவார்கள். அவர்களைப் பதிவதில் ஆளுக்கொரு வழி இருந்தது. கணினியில் 'வீடற்றவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. டிக் செய்தால் போதும். பெரிய டாக்டர் டிக் செய்ய மாட்டார். ஒரு மனிதரைப் பார்த்து வீடு இருக்கிறதா என்று எப்படிம்மா கேட்பது என்பார். கூச்ச சுபாவம். கேட்காமலேயே குறிப்பில் 'பாலத்தடி' என்றோ 'பஸ் நிலையம்' என்றோ எழுதிவைப்பார், ஏதோ ஊர்ப் பெயர் மாதிரி. அக்கா டிக் செய்வாள். ஆனால் முகவரிக் கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கு நகராது. அதனால் அங்கே கிளினிக்கின் முகவரியையே போட்டுவிடுவாள். ஆஸ்பத்திரிக் கடிதங்கள் எங்களுக்கு வரும், அவர்கள் வரும்போது அக்கா கொடுப்பாள். நல்ல ஏற்பாடுதான். வருஷக்கணக்காக ஓடியது.

எனக்குத்தான் அது பிடிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அம்மாவும் நானும் படுத்த இடங்களைச் சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள், அதனால் சொல்லவில்லை. முகவரி என்று கேட்டால் மாமா வீட்டைக் கொடுப்போம். என் பெயர், கீழே 'மேற்பார்வை' என்று போட்டு மாமா பெயர். கடிதம் வந்ததா என்று கேட்டுப் போனால் அத்தை நிலைப்படியிலேயே நிறுத்திவைத்துப் பேசுவாள். "உங்களுக்கு லெட்டர் வாங்கி வைக்கத்தான் எங்கப்பா என்னைக் கட்டிக் குடுத்தாரா?" என்று ஒருநாள் கேட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே நின்றாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. கிளினிக்கில் அக்கா மேசைக்கடியிலிருந்து கடிதம் எடுத்துக் கொடுக்கும்போது, கை நீட்டி நிற்கிறவர்களின் முகத்தில் அதே சிரிப்பு இருக்கும். அக்கா நல்லவள். அத்தை மாதிரி ஒரு வார்த்தை பேச மாட்டாள். இருந்தாலும் அந்தச் சிரிப்பு இருக்கும்.

மேனேஜரிடம் மட்டும் அது இல்லை.

அவரை எல்லாரும் மேனேஜர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைத்தெருவில் மூடிப்போன ஒரு வங்கியின் வாசல் படியில் படுத்திருப்பார். முதல் தடவை கிளினிக்குக்கு வந்தபோது அக்கா வழக்கம்போல என்ன வேலை என்று கேட்டாளாம். பேங்க் மேனேஜர் என்றாராம். எந்தக் கிளை என்று அவளும் விடாமல் கேட்டிருக்கிறாள். "வாசல் கிளைம்மா. தொறக்குறதுக்கு முன்னாடியும் நான்தான், மூடினதுக்கு அப்புறமும் நான்தான்" என்றாராம். அவர் வாழ்க்கைக் கதை ஒவ்வொரு தடவையும் மாறும். மனைவி போனதால் வீடு போனது என்பார். அடுத்த மாதம் வீடு போனதால்தான் மனைவி போனாள் என்பார். பஸ் ஓட்டினேன் என்பார், பஸ்ஸே என்னுடையதுதான் என்பார். சர்க்கரை மட்டும் மாறாமல் ஒரே உயரத்தில் நின்றது. வலது காலில் ஒரு விரல் கறுத்துவிட்டது. எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் காலையும் கொண்டுபோகும், ஆளையும் கொண்டுபோகும். நான் ஆஸ்பத்திரிக்கு எழுதினேன்.

ஆஸ்பத்திரி தள்ளிப்போட்டது. மறுபடி எழுதினேன், மறுபடி தள்ளிப்போட்டது. கூப்பிட்டுக் கேட்டால், 'வீடற்றவர்' என்று டிக் இருப்பவர்களுக்கு ஆபரேஷன் முடிந்து நேராகத் தெருவுக்கு அனுப்பக்கூடாது, ஓய்வு இல்லத்தில் ஒரு படுக்கை உறுதியானால்தான் தேதி தருவோம் என்றார்கள். ஓய்வு இல்லம் என்றால் வீடில்லாத நோயாளிகள் உடம்பு தேறும்வரை தங்குகிற இடம். நர்ஸ் உண்டு, சாப்பாடு உண்டு. படுக்கைதான் காலியாவதில்லை. விதி நல்ல விதி, மேடம். நான் அதைக் குறை சொல்லவில்லை. அந்த விதி அவருக்குப் பொருந்திய வரைக்கும் அவர் உயிரோடு இருந்தார் என்பதையும் நான் கவனித்திருக்கிறேன்.

ஆனால் போனில் பேசிய அந்த எழுத்தருக்குக் கிண்டல் வேறு. "டாக்டர், உங்க கிளினிக் அட்ரஸ்ல மட்டும் ஒரு ஊரே குடியிருக்குது போல. ரேஷன் கடை வெச்சுக் குடுக்கலாமா?" என்றார். பின்னால் யாரோ சிரித்தது கேட்டது. நான் போனை வைத்தேன். மேனேஜரின் பதிவைத் திறந்தேன். டிக்கை எடுத்தேன். முகவரிக் கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு என் வீட்டு முகவரியைத் தட்டினேன்.

ஏன் என் வீடு என்று நீங்கள் கேட்பீர்கள். வேறு எது எனக்கு மனப்பாடம்? அதோடு, அது தட்டுவதற்கு நன்றாக இருந்தது. கதவு எண், மாடி, தெரு. 'மேற்பார்வை' என்ற வார்த்தை இல்லாத முகவரி. கிளினிக்கின் ஊழியர் பதிவில்கூட அதை நான் இன்னும் கொடுக்கவில்லை, அங்கே மாமா வீடுதான் கிடக்கிறது. அதனால்தான் நீங்களும் இரண்டையும் பொருத்திப் பார்க்கவில்லை. ஆக, அந்த முகவரியை அரசாங்கக் கணினியில் முதல்முதலாக ஏற்றியது எனக்காக இல்லை, மேனேஜருக்காக. அன்று எனக்கு அது ஒரு பெருந்தன்மையாகத் தோன்றியது.

தேதி உடனே வந்தது. நான் பழைய கோபத்தில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நம்பினேன்.

மேனேஜரைக் கூப்பிட்டு, யார் கேட்டாலும் இந்த முகவரியைச் சொல்ல வேண்டும் என்றேன். யார் வீடு என்று கேட்டார். தெரிந்தவர்கள் வீடு என்றேன். என்னை ஒரு தரம் பார்த்தார். பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்தார். அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு முந்திய பரிசோதனைக்கு வந்தபோது வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டரம்மா, என் வீட்ல லிஃப்ட் இல்லையாமே. இந்தக் காலை வெச்சுக்கிட்டு மூணு மாடி நான் எப்படி ஏறுவேன்? வீட்டுக்காரன்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அவர் வழக்கம்போல அளக்கிறார் என்று நினைத்தாள். அவர் அந்தத் தெருவுக்குப் போய், வெளியே நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பால்கனியில் துணி காய்ந்ததாம், யாரோ ஓர் அம்மா ரொம்ப நேரம் நின்று தெருவை வேடிக்கை பார்த்ததாம். "நல்ல வீடு. காத்து வரும்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

'என் வீடு' என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை, மேடம். விளையாட்டுக்குச் சொன்னார், தெரியும். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல நான் எவ்வளவு படிக்க வேண்டியிருந்தது, அம்மா எத்தனை வீட்டுப் பாத்திரம் தேய்க்க வேண்டியிருந்தது. இவர் ஒரு வாரத்தில் சொல்லிவிட்டார். இது நியாயமான எரிச்சல் இல்லை. ஆனால் இருந்தது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வார்டு நர்ஸ் என்னைக் கூப்பிட்டாள். விரலை எடுத்தாயிற்று, வீட்டுக்கு அனுப்பினால் தினமும் கட்டு மாற்ற நர்ஸ் வீட்டுக்கு வருவாள், மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்க ஆள் வேண்டும், வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்றேன். என் அம்மாவை நினைத்துச் சொன்னேன். அந்த முகவரியில் அவள் இருக்கத்தானே செய்கிறாள். யார், மகளா என்று கேட்டாள். விசைப்பலகையில் அவள் விரல் காத்திருக்கிற சத்தமின்மை எனக்குக் கேட்டது. ஆமாம் என்றேன். ஒரு வார்த்தைதான். ஆஸ்பத்திரியின் கணினியில் அவருக்கு ஒரு மகள் வந்தாள்.

அவரை எங்கே அனுப்பப் போகிறேன் என்று நான் யோசிக்காமல் இல்லை. ஓய்வு இல்லத்துக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். ஆனால் அவர்கள் டிக் இல்லாதவரை எடுக்க மாட்டார்கள். டிக்கைத் திரும்பப் போட்டால் நடுவில் அது ஏன் போனது என்று கேள்வி வரும்; கேள்வி வந்தால் முகவரி வரும்; முகவரி வந்தால் நான் வருவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறோம், மகளிடம் ஒப்படைக்கப்படுவார். அந்தத் தகவலை நான் பார்க்கவில்லை என்று போன தடவை நீங்களே ஊகித்துக்கொண்டீர்கள். நான் மறுக்கவில்லை. பார்த்தேன். படித்தேன். மூடினேன்.

அப்போதும் நேரம் இருந்தது. ஒரு போன் செய்திருந்தால் படுக்கை கிடைக்கும்வரை அவரை வார்டிலேயே வைத்திருப்பார்கள். எனக்கு வேலை போயிருக்கலாம். போனால் இந்த ஜனங்களை யார் பார்ப்பார்கள் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். பெரிய டாக்டருக்கு ஒருவரிடம் வீடு இருக்கிறதா என்று கேட்கவே கூச்சம். நான் ஒருத்திதான் அவர்களுக்காகச் சண்டை போடுகிறவள். அவர்களுடைய நன்மைக்காகவே நான் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். அப்படி யோசித்தபோது மனசு லேசாகிவிட்டது. இரண்டு ராத்திரியும் நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மழைத் தூறல். நான் வீடு துடைத்தேன். கதவுக்கு வந்து நிமிரும் நேரம் மணி அடித்தது.

ஆஸ்பத்திரி வண்டியின் டிரைவரும் இன்னொருவரும் மேனேஜரை நாற்காலியில் வைத்து மூன்று மாடி தூக்கி வந்திருந்தார்கள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. அவருக்குத் தலை சீவி விட்டிருந்தார்கள். கால் பெரிய வெள்ளைப் பொட்டலமாக நீட்டியிருந்தது, மடியில் மருந்துப் பை. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டு ஆன்ட்டி நாங்கள் குடிவந்த நாள் முதலாக எங்களுக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருப்பவள். இப்போது ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, சொந்தக்காரர்களா என்று கேட்டாள்.

டிரைவர் என்னைப் பார்த்தார். தலையில் துணி கட்டியிருந்தேன், கையில் ஈரத்துணி. "வீட்ல யாரும்மா இருக்காங்க? அப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்கோம்னு சொல்லு" என்றார்.

நீங்கள் அவருடைய வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். கதவைத் திறந்தது அந்த வீட்டு வேலைக்காரப் பெண் என்று அதில் இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்தது.

எனக்கு அந்த நொடியில் முதலில் தோன்றியது, தரை இன்னும் காயவில்லை என்பது. இரண்டாவதாகத் தோன்றியது, ஆன்ட்டி பார்க்கிறாள் என்பது. மூன்றாவதாகத்தான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுவரை கோமாளித்தனம் பண்ணாத நேரத்தில் நான் அவரைப் பார்த்ததே இல்லை. வீட்டுக்குள்ளே எட்டிப் பார்க்காமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று.

"இந்த வீட்ல அப்பான்னு யாரும் இல்ல" என்றேன்.

அது உண்மைதான், மேடம். வார்த்தைக்கு வார்த்தை உண்மை.

டிரைவர் தாளைப் பார்த்தார், கதவு எண்ணைப் பார்த்தார். இதேதானே என்றார். அவருக்குக் கோபம் வர ஆரம்பித்தது, மூன்று மாடி. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருப்பார், ஆஸ்பத்திரி கிளினிக்குக்குச் செய்திருக்கும், எல்லாம் வெளியே வந்திருக்கும், மேனேஜர் பிழைத்திருப்பார். அந்த ஒரு நிமிஷத்தைக் கெடுத்தது நான் இல்லை. அவர்.

"இது இல்லப்பா. நான்தான் வீட்டை மாத்திச் சொல்லிட்டேன். கண்ணு சரியாத் தெரியல. என் மக கடைத்தெருவுல பேங்க்ல வேலை பாக்குறா, அங்க எறக்கி விடு, அவ கூட்டிட்டுப் போவா" என்றார் மேனேஜர்.

என்னைப் பார்த்து, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கம்மா என்றார். வேற்று மனுஷியிடம் சொல்வது மாதிரியே சொன்னார். நன்றாக நடித்தார். ஞாயிற்றுக்கிழமை எந்த வங்கி திறந்திருக்கும் என்று டிரைவரும் யோசிக்கவில்லை, ஆன்ட்டியும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். கதவைச் சாத்தினேன். நாற்காலி படியில் இடித்து இடித்து இறங்குகிற சத்தம் கீழ்மாடிவரை கேட்டது.

உள்ளறையிலிருந்து அம்மா யாருடி என்று கேட்டாள். வீடு மாறி வந்துவிட்டார்கள் என்றேன்.

திங்கட்கிழமை நான் கிளினிக்கில் இருந்தபோது வீட்டுக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் போயிருக்கிறாள். சாயங்காலம் அம்மா சொன்னாள். "ஒரு பொண்ணு வந்துச்சு. பெரியவருக்குக் கால்ல கட்டு மாத்தணுமாம். நம்ம வீட்ல ஏதுடி பெரியவரு? நாளைக்கும் வருவேன்னுச்சு. வந்தா என்ன சொல்ல?" நான் கை கழுவிக்கொண்டே, அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லச் சொன்னேன். மறுநாள் நர்ஸ் வந்தபோது அம்மா அப்படியே சொன்னாள். எத்தனையோ வாசல்களில் தனக்குச் சொல்லப்பட்ட வாக்கியத்தை என் அம்மாவை விட்டு நான் சொல்ல வைத்தேன். நர்ஸ் தன் வேலைப்படி 'நோயாளி வீட்டில் இல்லை' என்று பதிந்தாள், அடுத்த தடவை 'சிகிச்சையை மறுக்கிறார்' என்று பதிந்தாள். அப்புறம் வரவில்லை.

மேனேஜர் கிளினிக்குக்கும் வரவில்லை. வந்தால் எனக்குச் சங்கடம் என்று வராமல் இருந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது, மனுஷன் வீட்டில் சொகுசாகப் படுத்திருக்கிறார் போல என்று சொல்லிச் சிரித்தாள், அவருக்கு எப்படியோ ஒரு வீடு கிடைத்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் தினமும் வீட்டுக்குப் போகும் பஸ் அந்த வங்கி வாசல் வழியாகத்தான் போகும். அந்த வாரம் முழுக்க நான் மறுபக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தேன். இடம் இல்லாதபோது நின்றுகொண்டு செல்போனைப் பார்த்தேன். பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன். என் சுபாவம் அப்படி. அதனால்தான் பார்க்கவில்லை.

தெருக்கூட்டுகிறவர்கள்தான் அவரைப் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். கட்டு மழையில் நனைந்து, புண் சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அதிக நேரம் இல்லை. மருந்துப் பை தலைக்கு வைத்தபடி இருந்ததாம், பிரிக்காமல். சாப்பாட்டுக்குப் பிறகு போடும் மாத்திரைகள் அவை.

அக்கா அழுதாள். பெரிய டாக்டர் என்னிடம் வந்து, நீதான் அவருக்காக அவ்வளவு பாடுபட்டாய், மனசைத் தளரவிடாதே என்றார். நான் சரி என்றேன்.

இறந்தவரைப் பற்றி அவருடைய குடும்ப மருத்துவர் ஒரு சுருக்கம் எழுத வேண்டும். எழுதினேன். நோயாளி தவறான முகவரியும் தவறான உறவு விவரமும் அளித்திருந்தார் என்று எழுதினேன். டிரைவர் சொன்னதோடு அது பொருந்தியது, நர்ஸ் பதிந்ததோடும் பொருந்தியது. உங்கள் குழுவும் அதையே நம்பி, பாவம், வெட்கப்பட்டுக்கொண்டு பொய் முகவரி கொடுத்திருக்கிறார், இப்படிப்பட்டவர்கள் வழக்கமாகச் செய்வதுதான் என்று குறிப்பு எழுதிவைத்திருக்கிறீர்கள். நீங்கள் அன்பாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். சுருக்கத்தை அனுப்பும் முன் அவருடைய பதிவைத் திறந்து 'வீடற்றவர்' கட்டத்தில் டிக்கைத் திரும்பப் போட்டேன். இப்போது அவருடைய பதிவில் ஒரு தவறும் இல்லை.

அம்மாவுக்கு விஷயம் தெரியும். நான் சொல்லவில்லை. பேங்க் வாசலில் கால் கட்டோடு கிடந்த பெரியவர் செத்துப்போனதாக அக்கம்பக்கத்தில் பேச்சு அடிபட்டிருக்கிறது, அதையும் கட்டு மாற்ற வந்த பெண்ணையும் அவளாகவே சேர்த்துப் பார்த்துவிட்டாள். அந்தப் பெரியவர்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன்.

"நான் சும்மாதானேடி உக்காந்திருக்கேன். நான் பாத்துக்கிட்டிருப்பேனே" என்றாள்.

அவ்வளவுதான். அவளுக்கு வெகுளி மனசு, மேடம். முன்பின் தெரியாத ஒருவரை வீட்டுக்குள் சேர்ப்பதில் என்னென்ன சிக்கல் வரும் என்று அவளுக்குத் தெரியாது. வாடகை ஒப்பந்தத்தில் நாங்கள் இரண்டு பேர் என்றுதான் இருக்கிறது. நான் எல்லாப் பக்கமும் யோசிக்க வேண்டியிருந்தது. என்னைப்போல ஒருத்தி ஒருவரைத் தெருவுக்கு அனுப்புவாள் என்று யாராவது சொன்னால் நானே நம்ப மாட்டேன். நான் அவர்களில் ஒருத்தி.

ஆனால் அனுப்பினேன். டிக்கை எடுத்தது நான். முகவரி என்னுடையது. அந்த மகள் நான். கதவில் நின்ற வேலைக்காரப் பெண்ணும் நான்தான். அவர் பொய் முகவரி கொடுக்கவில்லை, அவர் சொன்ன ஒரே பொய் எனக்காகச் சொன்னது. அவர் மேலிருக்கும் அந்தக் குறிப்பை நீக்கிவிடுங்கள், அதற்காகத்தான் வந்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என் பெயரைப் போடுங்கள், படிப்பைப் போடுங்கள், என் கையெழுத்து எங்கே வேண்டுமோ காட்டுங்கள். நான் எதற்கும் பயப்படவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை.

அறிக்கையில் வீட்டு எண்ணையும் தெருவையும் மட்டும் போட வேண்டாம். எதிர்வீட்டில் பேப்பர் வாங்குகிறார்கள். நாங்கள் அங்கே குடியிருக்க வேண்டும்.